திமிலா, வியர்வையா, அடுப்பா? மாடு வெயிலைத் தாங்கும் கணக்கு

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான். தாராபுரம் பக்கம் உங்கள் வீட்டில் ஒரே கட்டுத்தறியில் காங்கேயம் பசு ஒன்றும் ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற ஐரோப்பியக் கறவை இனம்) கலப்புப் பசு ஒன்றும் நிற்கின்றன. சித்திரை மதியத்தில் கலப்புப் பசு வாயைத் திறந்து இரைக்கிறது, எச்சில் நூலாக ஒழுகுகிறது, வைத்த தீவனம் அப்படியே கிடக்கிறது. காங்கேயம் ஒன்றும் நடக்காத மாதிரி அசை போட்டுக்கொண்டிருக்கிறது. இது திமிலின் வேலையா, வியர்வையின் வேலையா? இதே பசுவை நாகப்பட்டினத்தில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனால் அங்கேயும் இப்படியே இருக்குமா?

திமிலுக்கு இதில் அநேகமாகப் பங்கே கிடையாது. வியர்வைக்குக் கொஞ்சம் உண்டு. பெரிய பங்கு, அந்த மாட்டின் வயிற்றுக்குள் எரிகிற அடுப்பு சின்னது என்பதில்தான். நாகப்பட்டினத்துக்குப் போனால் கணக்கு மாறும். ஏன் என்று பார்ப்போம்.

மாடு வெயிலில் சூடாவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வானத்தைப் பார்க்கிறோம். வயிற்றைப் பார்ப்பதில்லை. அசைபோடும் விலங்கின் முதல் வயிறு ஒரு புளிக்கவைக்கும் தொட்டி. தீவனம் புளிக்கும்போது சூடு வரும். அங்கே கிடைத்த சத்தைப் பாலாக மாற்றும்போது இன்னும் சூடு வரும். 600 கிலோ எடையில் நாளுக்கு 30 லிட்டர் கறக்கும் ஒரு ஹெச்.எஃப். பசுவின் உடல், தின்ற சத்தில் பாலுக்குப் போனது போக மிச்சத்தை ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் வெப்பமாக வெளியே தள்ளியாக வேண்டும். இஸ்திரிப் பெட்டி ஒன்றை இரவு பகலாக அணைக்காமல் வைத்திருப்பதற்கு மேலே. 300 கிலோ எடையில் இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் நாட்டுப் பசுவுக்கு இதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

மாட்டின் உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை சூடு தானாகவே வெளியேறும். காற்று 36, 37 டிகிரிக்குப் போய்விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்புறம் தண்ணீரை ஆவியாக்குவது ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒன்றரை கிலோவாட்டை முழுக்க இப்படியே கழிக்க வேண்டுமென்றால் மணிக்கு இரண்டு லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். வெயிலிலிருந்து வரும் சூட்டை இதில் சேர்க்கவே இல்லை. உங்கள் கலப்புப் பசு 30 லிட்டர் கறக்காது, அதனால் அதன் கணக்கு இவ்வளவு மோசமில்லை. ஆனால் அது இரைப்பதற்குக் காரணம் இதே கணக்குதான்.

இரைப்பதும் ஆவியாக்கும் வேலையே. மூச்சுப் பாதையில் இருக்கும் ஈரத்தைக் காற்றோடு வெளியேற்றுகிறது. இதில் ஒரு வம்பு உண்டு. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட் என்ற கார உப்பை வெளியே அனுப்பும். வயிற்றுக்குப் போக வேண்டிய பைகார்பனேட்டோ, ஒழுகும் எச்சிலில் தரையில் கொட்டுகிறது. பார்க்க வெறும் எச்சில்தான். ஆனால் முதல் வயிற்றில் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கோடையில் கலப்பு மாடுகளுக்கு வயிறு கெட்டு, பாலில் கொழுப்புக் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தீவனம் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, வியர்வைக்கு வருவோம். சீமை மாட்டுக்கு வியர்க்காது, நாட்டு மாட்டுக்குத்தான் வியர்க்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தவறு. இரண்டுக்கும் வியர்க்கும். மாட்டுக்கு ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் ஒரு வியர்வைச் சுரப்பி. திமிலுள்ள இனத்தில் அந்தச் சுரப்பி பை மாதிரி பெருத்து, தோலின் மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருக்கும். ஐரோப்பிய இனத்தில் அது சிறுத்து, கொஞ்சம் ஆழத்தில் இருக்கும். சூடு ஏற ஏற நாட்டு மாட்டின் வியர்வை ஏறிக்கொண்டே போகும்; ஐரோப்பிய மாடு ஒரு கட்டத்துக்கு மேல் வியர்வையைக் கூட்ட முடியாமல் மூச்சை நம்பும். மாட்டு வியர்வையில் பொட்டாசியம் அதிகம் என்பதால், நிறைய வியர்க்கும் கறவை மாட்டுக்கு அந்த உப்பும் குறைந்துபோகும். மூக்கு நுனியில் முத்து முத்தாக நிற்பது வேறு சுரப்பியின் நீர். அதைப் பார்த்து வியர்வைக் கணக்குப் போட வேண்டாம்.

மயிரைப் பாருங்கள். காங்கேயத்தின் மயிர் குட்டையாக, வழவழவென்று தோலோடு ஒட்டிப் படுத்திருக்கும். கையைத் தடவினால் பட்டு மாதிரி. அதில் படும் வெயிலில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். காற்று தங்கிச் சூடாவதற்கு இடமில்லை. வியர்வை தோலிலேயே ஆவியாகும். சடைமயிராக இருந்தால் வியர்வை மயிர் நுனியில் ஆவியாகும், குளிர்ச்சி காற்றுக்குப் போகும், மாட்டுக்குப் போகாது. வெளுத்த மயிருக்குக் கீழே தோல் கறுப்பு. மேலே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளை, கீழே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்பு. காங்கேயக் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதவாக்கில் மயிலையாக மாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பொலிகாளைக்குத் திமிலும் முன்னும் பின்னும் கருமை ஏறும். அது ஆண் ஹார்மோனின் வேலை. காயடித்த எருதுக்கு அந்தக் கருமை வருவதில்லை. வண்டியில் பூட்டி நாள் முழுக்க வெயிலில் நிற்கப் போகும் மாட்டுக்கு வெளுத்த மேனி கிடைக்கிறது!

இப்போது திமில். திமில் என்பது பெரும்பாலும் தசை, அதில் கொஞ்சம் கொழுப்பு. ஒட்டகத் திமில் மாதிரி கொழுப்புக் கிடங்கு இல்லை. அதில் ஒரு சூரிய நாடி இருக்கிறது, அது வெயிலை உறிஞ்சிப் பாலில் தங்கம் சேர்க்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை எந்த உடற்கூறு மேசையிலும் யாரும் பார்த்ததில்லை. சிந்தி இனக் காளைகளில் திமிலையும், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியையும் அறுவை செய்து எடுத்துவிட்டு வெயிலில் நிறுத்திப் பார்த்த பழைய சோதனைகள் உண்டு. வெப்பம் தாங்கும் திறன் சொல்லும்படியாகக் குறையவில்லை. தோலின் பரப்பு கூடினால் சூடு போக வழி கூடும் என்பது காகிதத்தில் சரி. ஆனால் மொத்த உடம்போடு ஒப்பிட்டால் அந்தத் தொங்கல் சதை கொடுக்கும் பரப்பு சொற்பம்.

இன்னொன்று, உயிரணு அளவிலேயே இருக்கும் வேறுபாடு. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கருமுட்டையைச் சினைப்படுத்திக் கிண்ணத்தில் வளர்த்து, சில மணி நேரம் 41 டிகிரியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். திமிலுள்ள இனங்களான பிராமன், நெலோர் கருக்கள் அதைப் பெருமளவு தாங்கின. ஹோல்ஸ்டீன் கருக்களில் நிறைய அங்கேயே நின்றுவிட்டன. கிண்ணத்துக்குள் திமிலும் இல்லை, வியர்வையும் இல்லை, மயிரும் இல்லை. அப்படியிருந்தும் வேறுபாடு தெரிகிறது என்றால், உயிரணுவுக்குள்ளேயே புரதங்களைச் சூட்டில் குலையாமல் காக்கும் ஏற்பாடு அந்த இனத்தில் திடமாக இருக்கிறது என்று அர்த்தம். திமிலுள்ள மாடும் திமிலில்லாத மாடும் ஒரே மூதாதையின் இரண்டு கிளைகள். மனிதன் பழக்குவதற்குப் பல ஆயிரம் தலைமுறைகளுக்கு முன்பே பிரிந்தவை. ஒன்றை மேற்கு ஆசியாவில் பழக்கினார்கள். மற்றதைச் சிந்து வெளிப் பக்கம், இன்றைய பலூசிஸ்தானின் மெஹர்கர் வட்டாரத்தில், ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கினார்கள். வெயிலுக்கான தயாரிப்பு அதற்கும் முந்தியது.

சினை பிடிக்காத பிரச்சினையும் இங்கேதான் வருகிறது. காளையின் விதை, உடம்பைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். திமிலுள்ள இனங்களில் விதைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவர் மெல்லியது, திரும்பி வரும் குழாயும் அதற்கு நெருக்கம். போகிற சூடு வருகிற குளிர்ச்சியிடம் எளிதாகக் கைமாறிவிடும். விந்து உருவாகி முடிய இரண்டு மாதம் ஆகிறது என்பதால், சூட்டுக்கு இடம்கொடுக்கும் காளை வைகாசியில் பட்ட பாடு ஆடியிலும் தெரியும். பசுவுக்கும் அப்படியே. கோடையில் பருவ அறிகுறி மங்கலாக, குறுகிய நேரமே தெரியும். இரண்டு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்று புலம்புகிற மாதங்களை எண்ணிப் பாருங்கள்.

இதுவரை சொன்னது கொங்கு வெயில், அதாவது காய்ந்த வெயில். நாகப்பட்டினத்து வெயில் வேறு சாதி.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் போடும் ஒரு குறியீடு கால்நடைத் துறையில் புழக்கத்தில் இருக்கிறது. 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குச் சங்கடம் ஆரம்பம்; அதிகம் கறக்கும் மாட்டுக்கு 68-லேயே ஆரம்பம் என்கிறார்கள். உள்நாட்டில் 38 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வையுங்கள்: குறியீடு சுமார் 82. கடற்கரையில் 32 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம்: குறியீடு 86. தெர்மாமீட்டர் ஆறு டிகிரி குறைவாகக் காட்டும் ஊரில் மாட்டுக்குக் கஷ்டம் அதிகம். காரணம் எளிது. காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாகாது, வழியும். வழிந்து கீழே சொட்டும் வியர்வையால் மாட்டுக்கு லாபமே இல்லை. அது போதாதென்று, உள்நாட்டில் ராத்திரி குளிர்ந்துவிடும், பகலில் ஏறிய சூட்டை மாடு விடியுமுன் இறக்கிவிடும். கடற்கரையில் ராத்திரியும் புழுங்கும். நல்ல வியர்வைச் சுரப்பி என்ற காங்கேயத்தின் சீதனம் அங்கே பாதி செல்லாக்காசு. சின்ன அடுப்பு என்ற சீதனம் மட்டும் எங்கேயும் செல்லும். ஆகவே மாமா வீட்டில் உங்கள் பசு செத்துப்போகாது, ஆனால் இங்கே நிற்பது போல அலட்சியமாகவும் நிற்காது.

ஈர வெயிலுக்கு மாடுகள் கண்ட ஒரு விடை, உடம்பைச் சுருக்குவது. வைக்கத்துக்குப் பக்கத்து வெச்சூர் மாடு 90 சென்டிமீட்டர் உயரம், 130 கிலோ அளவுதான். உடம்பு சிறுத்தால் எடைக்குத் தோல் பரப்பு அதிகம். தின்பது குறைவு, உண்டாகும் சூடும் குறைவு. கலப்பினம் பரவியதில் அழிந்தே போயிருக்க வேண்டியது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் 1989 முதல் தேடிப் பிடித்துக் காப்பாற்றினார்கள். மாமாவின் ஊர்ப் பக்கத்துச் சொந்த மாடு உம்பளச்சேரி. நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் கால்களில் வெள்ளையுமாக, சேற்று வயலில் கால் புதையப் புதைய உழுவதற்கென்றே வளர்ந்த மாடு. மாமாவுக்கு நாட்டு மாடு வேண்டுமானால், தாராபுரத்திலிருந்து லாரி பிடிப்பதைவிட அதைத் தேடுவதுதான் முறை.

வெப்பநாட்டில் மாட்டுக்கு வரும் தேர்வு வெயில் ஒன்று மட்டும் கிடையாது. தண்ணீர் இல்லாமை இன்னொரு தேர்வு. தெற்கு எத்தியோப்பியாவின் போரானா மக்கள் வறண்ட காலத்தில் ஆழக் கிணற்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் வரிசையாக நின்று, பாடிக்கொண்டே தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். ஒரு மாட்டின் முறை மூன்று நாளைக்கு ஒரு தரம்தான். நடுவில் மேய்ச்சலுக்குப் பல மைல் நடை. தண்ணீர் குறையும்போது அந்த மாடு தின்பதைக் குறைக்கும், அதனால் உள் அடுப்பும் தணியும், சாணி இறுகும், சிறுநீர் குறைந்து கெட்டிப்படும். முதல் வயிறு தண்ணீர்த் தொட்டியாகவும் உதவும். மூன்றாம் நாள் ஒரே மூச்சில் குடிக்கும் பெருந்தண்ணீர் அந்தத் தொட்டியில் நின்று மெதுவாக ரத்தத்துக்குப் போவதால் உடம்பு திடுக்கிடுவதில்லை. எருவிலும் மூத்திரத்திலும் மிச்சம் பிடித்துக் குடும்பம் நடத்துகிறது என்று சொல்லலாம்.

காய்ந்த புல் மூன்றாவது தேர்வு. உங்கள் ஊர்க் கொரங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் நிற்கும். பங்குனிக்குப் பிறகு அந்தப் புல்லில் புரதம் எங்கே இருக்கிறது? மாட்டின் ஈரல் செய்யும் யூரியாவைச் சிறுநீரில் விட்டுவிடாமல், எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் மறுபடி முதல் வயிற்றுக்கே அனுப்பி, அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்க, அந்த நுண்ணுயிர்களையே மாடு செரித்துக்கொள்ளும். எல்லா மாடும் இதைச் செய்யும். மட்டமான தீவனத்தில் திமிலுள்ள இனங்கள் இதைக் கூடுதல் சிக்கனமாகச் செய்கின்றன. நல்ல தீவனம் கொட்டிக் கொடுத்தால் ஐரோப்பிய மாடு ஜெயிக்கும். சருகைப் போட்டால் நம் மாடு ஜெயிக்கும்.

பூச்சியும் ஒட்டுண்ணியும் நான்காவது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிரிட்டிஷ் இன மாடுகள் உண்ணியாலும் உண்ணிக் காய்ச்சலாலும் சரிந்துகொண்டிருந்தன. 1933-இல் அமெரிக்காவிலிருந்து பிராமன் மாடுகளைக் கொண்டுவந்து கலந்தார்கள். இந்திய ரத்தம் ஏறிய மாட்டின் தோலில் உண்ணி ஏறினாலும் பெரும்பாலானவை ரத்தம் குடித்து முதிர்வதற்குள் உதிர்ந்துவிடும். பிரேசிலில் கோடிக்கணக்கில் மேயும் நெலோர் மாடுகள் நம் ஓங்கோல் மாட்டின் வாரிசுகள். பெயரே நெல்லூரிலிருந்து போனதுதான்.

இதற்கு நேர்மாறான ஒரு மாடும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் திமில் கட்சிக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் என்டாமா. திமில் கிடையாது, ஐரோப்பிய மாடுகளின் கிளைதான். ஆனால் செட்சி ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோய் நிறைந்த ஈரக் காட்டு ஓரத்தில் திமில் மாடுகள் ரத்தம் வற்றி விழும்போது, என்டாமா நோய் தொற்றியும் ரத்தச் சிவப்பணுக்களைக் காப்பாற்றிக்கொண்டு மேயும். பல ஆயிரம் ஆண்டுகள் அந்த ஈயோடு வாழ்ந்ததன் பலன். நம் காங்கேயத்தை அங்கே கொண்டுபோய் விட்டால் தாங்காது. கரீபியத் தீவான செயின்ட் குரோயில் உருவான செனபோலும் திமிலில்லாத மாடுதான். அதன் பால்சுரப்பு ஹார்மோனின் ஏற்பியில் (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) ஒரு சிறு மரபணு மாற்றம். விளைவு, குட்டையான வழவழ மயிரும் நல்ல வியர்வையும். காரணம் இன்னதென்று 2014-இல் கண்டார்கள். அந்த ஒரு மரபணுவை ஹோல்ஸ்டீனுக்குள் கலப்பின் வழியே ஏற்றியபோது, வெயிலில் அந்த மாடுகளின் உடல் சூடு மற்ற ஹோல்ஸ்டீன்களைவிடக் குறைந்தது. ஆனால் வயிற்று அடுப்பு அதே பெரிய அடுப்புதான். பாலைக் கேட்கும்வரை அது சிறுக்காது.

இனி உங்கள் கலப்புப் பசு. அதுவும் சும்மா நிற்கவில்லை. முதல் நாள் இரைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தைராய்டு சுரப்பு இறங்கும், தீவனம் குறையும், மயிர் உதிர்ந்து மெலியும். பால் குறைவது நோய் என்று நினைக்கிறோம். மாட்டின் பார்வையில் அது அடுப்பில் விறகைக் குறைப்பது. சூடு ஏறிய நாளில் இல்லாமல் ஒன்றிரண்டு நாள் கழித்தே பால் விழும் என்பதால், செவ்வாய்க்கிழமைப் பாலுக்கு ஞாயிற்றுக்கிழமை வெயிலைப் பாருங்கள்.

அளந்து பார்க்க ஆசை இருந்தால் மாட்டுக்குப் பின்னால் ஓரமாக நின்று விலாவைப் பாருங்கள். விலா எழுந்து தாழ்வதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 60-ஐத் தாண்டினால் மாடு திணற ஆரம்பித்துவிட்டது. ஆசனவாய்ச் சூட்டையும் பார்க்கலாம். லூசியானாவில் 1944-இல் ரோட் என்பவர் வைத்த ஒரு பழைய மதிப்பெண் முறை இருக்கிறது: வெயிலில் நிறுத்தி அளந்த சூடு 101 டிகிரி பாரன்ஹீட் என்றால் 100 மதிப்பெண், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து கழியும். 104 காட்டினால் 70. இரண்டு மாட்டையும் ஒரே மதியத்தில் அளந்தால் உங்கள் கேள்விக்கு உங்கள் தொழுவமே பதில் சொல்லிவிடும்.

செய்ய வேண்டியதில் முக்கியமானது தீவன நேரம். தின்ற சில மணி நேரத்தில் வயிற்றுச் சூடு உச்சிக்கு ஏறும் என்பதால், காலை ஒன்பது மணிக்குத் தவிடும் புண்ணாக்கும் வைத்தால் அந்தச் சூடும் மதிய வெயிலும் சரியாக ஒரே நேரத்தில் சந்திக்கும். விடியலுக்கு முன் ஒரு பங்கு, பொழுது சாய்ந்த பின் பெரிய பங்கு என்று மாற்றுங்கள். தாராபுரத்தில் தோல் நனையத் தண்ணீர் தெளித்துக் காற்றாடியை ஓடவிட்டால் நன்றாகவே கேட்கும். மாமா வீட்டில் மூடிய கொட்டகைக்குள் தண்ணீரை மட்டும் தெளித்தால் ஈரம் கூடிப் புழுக்கம்தான் ஏறும். அங்கே முதலில் கடல் காற்று வரும் பக்கத்துச் சுவரை இடிக்கச் சொல்லுங்கள், தண்ணீர் அப்புறம்.